இரண்டு தட்டுக்கு ஒரு தட்டு

ஜெசிந்தா இறந்த நாற்பத்தோராம் நாள் காலையில் இயந்திரக் கூண்டுக்கு ஆய்வாளர் வைத்திருந்த முத்திரையை உடைத்து மின்சாரம் கொடுத்தோம். இயந்திரக் கை மெல்ல உயர்ந்து, குழாயின் மேல் வந்து நின்று, வெல்டிங் டார்ச்சின் மூக்கால் மேசையை இரண்டு முறை தட்டியது. அதன் பிறகு அசையவில்லை.

கிரேன் ஓட்டும் பஷீர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அக்கா தட்டுறாங்க" என்றார், தனக்குள் சொல்வதுபோல.

அது ஜெசிந்தாவின் தட்டல்தான். முதல் தட்டு அழுத்தமாக, இரண்டாவது அதன் நிழலைப்போல. இருபத்திரண்டு வருடம் அதைக் கேட்டவன் நான். அவள் என் மனைவி.

துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவள் வெல்டர். நான் மின்சாரப் பேனல் வயரிங். அவள் இரும்பை ஒட்டுவாள், நான் கம்பிகளை ஒட்டுவேன். "தனிஸ்லாஸ் வீட்டுல சண்டையே வராது, ரெண்டு பேருமே ஒட்டுற ஆளுங்க" என்று பஷீர் சொல்வதுண்டு. சண்டை வந்தது. நாங்கள் சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

தட்டல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரைக் கவனிக்காமல் ஆர்க்கை, வெல்டிங்கின் கண்ணைப் பறிக்கும் சுடரை, பற்றவைத்துவிட்டாள். அந்த ஆள் இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாமல், மணலைக் கொட்டியதுபோல் எரிகிறது என்று அழுதார். அதிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பற்றவைக்கும் முன் டார்ச்சின் மூக்கால் மேசையை இரண்டு முறை தட்டுவாள். பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டோ திரும்பிக்கொண்டோ கையில் இருக்கிற இரும்பால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கிரைண்டர் இரைச்சலில் குரல் கேட்காது, இரும்பின் சத்தம் கேட்கும். பதில் வராமல் அவள் பற்றவைக்க மாட்டாள்.

"நம்ம வெளிச்சம் போய் விழறதுக்கு முன்னாடி அடுத்தவங்க கண்ண ஒரு வார்த்தை கேட்டுக்கணும்ல" என்பாள்.

அந்த வழக்கம் வீட்டுக்கும் வந்தது. சமையலறைச் சுவரில் இரண்டு தட்டு என்றால் டீ வேண்டுமா என்று அர்த்தம். குளியலறைக் கதவில் என்றால் சீக்கிரம் வருகிறாயா என்று. நாங்கள் ஒரு தட்டுத் தட்டுவோம். எங்கள் மகள் அமலி பேசுவதற்கு முன்பே தொட்டில் கம்பியில் தட்டக் கற்றுக்கொண்டாள்.

இப்போது நினைத்தால், அந்தப் பதில் தட்டு எவ்வளவு சுலபமாக வந்தது என்று பயமாக இருக்கிறது. கேள்வி காதில் விழுவதற்குள் கை தட்டிவிடும்.

*

அந்த வருடங்களில்தான் எல்லா ஊர்களிலும் இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கைகளைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தார்கள். சமையற்காரர்களின் கை, தையற்காரர்களின் கை. எங்கள் தொழிற்சாலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஷர்மதா என்ற பொறியாளர் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஜெசிந்தாவின் வலது கையில் தோள்வரை ஒரு மெல்லிய உறையைப் போட்டுவிட்டாள். உறை முழுக்க மயிரிழை போன்ற கம்பிகள்.

"கை போற பாதைய மட்டும் எடுத்தா, அது கோடு போடற மாதிரிங்க. எங்க தயங்கறாங்க, எதுக்குக் காத்திருக்காங்க, எந்தச் சத்தம் கேட்டா மெதுவாப் போறாங்க, எல்லாம் சேர்ந்தாத்தான் அக்கா கை" என்று எனக்கு விளக்கினாள்.

"அப்ப என் தோள்பட்டை வலியும் அதுக்கு வருமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"வராதுங்கக்கா."

"குடுத்து வச்ச கை."

பதினொரு மாதம் அந்த உறையோடு வேலை செய்தாள். பிறகு கூண்டு வந்தது. இயந்திரக் கையைச் சுற்றி வலை அடைத்து ஒரு கதவு வைத்த இடத்தைத்தான் கூண்டு என்போம். அந்தக் கைக்கும் வெல்டிங் செட்டுக்கும் நடுவில் இருக்கும் பேனல் என் பொறுப்பு. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து செட்டுக்கு ஒரு கம்பி போகும்: தொடங்கு. செட்டிலிருந்து ஒரு கம்பி திரும்பி வரும்: ஆர்க் பிடித்துவிட்டது. பதில் வந்தால்தான் கை நகரும். மேசைக்குப் பக்கத்தில் ஒரு மைக் உண்டு. நல்ல ஆர்க் எண்ணெயில் வடகம் பொரிவதுபோலச் சத்தம் போடும், கெட்ட ஆர்க் வெடிக்கும். இயந்திரம் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த மைக்குக்கும் கம்பி இழுத்தவன் நான்தான். ஆர்க்கின் இரைச்சல் உள்ளே ஏறக்கூடாது என்று மைக் கம்பியின் மேலுறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, இரண்டு நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கதவு. கதவில் ஒரு சுவிட்ச். கதவு திறந்தால் அந்த இணைப்பு அறுந்து கை அப்படியே செத்து நிற்க வேண்டும்.

முதல் நாள் ஓட்டியபோதே இயந்திரம் மேசையில் இரண்டு முறை தட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"ஐயோ, இதையுமா எடுத்தீங்க?" என்று சொல்லிக்கொண்டே வலைக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆர்க் பற்றியது. அவள் அதற்குத் துணையாகக் கூண்டுக்கு வெளியே நிற்பது வழக்கமாயிற்று. நடுநடுவே பக்கத்து மேசையில் தன் வேலையையும் செய்வாள். இயந்திரம் தட்டும்போதெல்லாம் பழக்கத்தில் அவளும் ஒரு தட்டுத் தட்டுவாள். அது வேடிக்கை என்றுதான் நினைத்தோம்.

*

கதவு சுவிட்ச் இரண்டாவது வாரத்தில் கெட்டது. பெரிய குழாயை இறக்கினால் தரை அதிரும், கதவு மூடியிருந்தாலும் சுவிட்ச் திறந்ததாகச் சொல்லும், இயந்திரம் நின்றுவிடும். ஒரு ஷிப்டில் முப்பது தடவை நின்றது.

"புது சுவிட்ச் சொல்லியிருக்கேன் தனிஸ். வர்ற வரைக்கும் ஒரு ஜம்பர் போட்டு ஓட்டிருங்களேன்" என்றார் எங்கள் மேலாளர் குலசேகரன். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து அவருக்குத் தினமும் போன் வந்துகொண்டிருந்தது.

ஒரு சாண் நீலக் கம்பியை வெட்டி, இரண்டு முனையிலும் லக் என்கிற உலோகக் காது அடித்து, 31, 32 என்று எண் வளையம் மாட்டி, சுவிட்சின் இரண்டு டெர்மினல்களையும் சேர்த்துவிட்டேன். இனிக் கதவு திறந்தாலும் மூடியதாகவே பேனலுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். இன்றைக்கு மட்டும் என்று போடுவோம். போட்ட கம்பிக்கு எண் வளையமும் மாட்டுவோம், ஏதோ நிரந்தரமாக இருக்கப் போவதுபோல.

ஜெசிந்தாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் விடுதியிலிருந்து போன், அமலிக்குக் காய்ச்சல் என்று. அடுத்த நாள் மறந்தேன். அதற்கடுத்த நாள், சுவிட்ச் நாளைக்கு வந்துவிடும் என்றார்கள்.

ஜம்பர் போட்ட பத்தொன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு டார்ச்சின் மூக்கில் கசடு அடைத்திருந்தது. அதைச் சுரண்ட ஜெசிந்தா இடுக்கியோடு கதவைத் திறந்து உள்ளே போனாள். தினமும் இருபது தடவை யாராவது அப்படிப் போவார்கள். கதவைத் திறந்தால் கை செத்துவிடும் என்று அவள் நம்பினாள். நான் செய்த பேனல் அல்லவா. கை நகர்ந்து, அவளைக் குழாய்க்கும் மேசைக்கும் நடுவில் வைத்து அழுத்தியது.

நான் பேனலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எதையும் பார்க்கவில்லை. விசாரணையிலும் அப்படித்தான் சொன்னேன். அது உண்மை.

ஆம்புலன்ஸில் ஏறப்போனபோது குலசேகரன் என் தோளைத் தொட்டார். அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"தனிஸ், பேனலப் பூட்டிட்டுப் போங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் திரும்பிப் போனேன். பூட்டுவதற்கு முன் நீலக் கம்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவளுடைய செருப்பு கூண்டின் வாசலில் கிடந்தது. பாதுகாப்பு ஷூவுக்கு மாறும்போது அவள் எப்போதும் கழற்றி வைக்கும் இடம் அது. அதைத் தாண்டித்தான் பேனலுக்குப் போனேன், தாண்டித்தான் வந்தேன்.

மறுநாள் காலையில் புது சுவிட்ச் வந்து மாட்டியாயிற்று. மதியம் அரசாங்க ஆய்வாளர் வந்து கதவைப் பத்து தடவை திறந்து பார்த்தார். பத்து தடவையும் மின்சாரம் அறுந்தது. ஆகவே அவள் கதவு வழியாக வந்திருக்க முடியாது, குழாய் நுழையும் தாழ்வான இடைவெளியில் குனிந்து நுழைந்திருக்கிறாள் என்று எழுதினார். தொழிலாளியின் கவனக்குறைவு.

அமலி அப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

"அம்மா ஏம்ப்பா கதவு வழியாப் போகல?"

"தெரியலம்மா."

"ரோட்டக் கிராஸ் பண்றதுக்கே நாலு தடவ பாப்பாங்களே."

நான் அந்தத் தாளை வாங்கி மடித்தேன். உண்மையைச் சொன்னால் ஜெயிலுக்குப் போக வேண்டும், தாயில்லாத பெண் தகப்பனும் இல்லாமல் நிற்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஓரளவுக்கு உண்மையும்கூட. ஓரளவு உண்மை ஆளை நிறைய நாள் தாங்கும்.

*

நாற்பத்தோராம் நாளில் இயந்திரம் இரண்டு முறை தட்டிவிட்டு நின்றதற்குத் திரும்புகிறேன். ஷர்மதா மடியில் கணினியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினாள். பழுது எதுவும் இல்லை. பேனலில் எல்லா விளக்கும் பச்சை. ஒரு நிமிடம் காத்திருந்து, கை தன் இடத்துக்குத் திரும்பிவிடும். மறுபடி தொடங்கினால் மறுபடி தட்டும், நிற்கும்.

நாலாவது தடவை அது தட்டியபோது, பஷீர் இறக்கிக்கொண்டிருந்த கொக்கி கூண்டின் சட்டத்தில் போய் ஒருமுறை இடித்தது. உடனே ஆர்க் பற்றியது. கையைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோகக்கூட எங்களுக்கு நேரமில்லை.

ஷர்மதா எழுந்து வந்தாள். அடுத்த தடவை தன் மோதிரத்தால் வலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆர்க் பற்றியது. இன்னொரு தடவை தட்டாமல் இருந்தாள். பற்றவில்லை.

"பதிலுக்கு நிக்குது" என்றாள். "மைக் ஆர்க் சத்தத்துக்குத்தான் வச்சோம். ஆனா பதினொரு மாசமும் ரெண்டு தட்டுக்கப்புறம் ஒத்தத் தட்டு வந்தாத்தானே அக்கா பத்த வச்சாங்க. அதையும் சேர்த்துப் படிச்சிருக்கு. அக்கா கூடவே நின்னு தட்டிட்டு இருந்ததால நமக்குத் தெரியல."

"அத மட்டும் வெட்டி எடுத்துர முடியாதா?" என்றார் குலசேகரன்.

"முடியாதுங்க சார். கை ஒரே நெய்த துணி மாதிரி. ஒரு இழைய உருவினா ஒட்டு பூரா ஓட்டை விழும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்ப அன்னிக்கும் யாரோ தட்டினதாலதான் நகர்ந்திருக்கு."

"ஆமாங்க. தட்டாம நகர்ந்திருக்காது."

"பழக்க தோஷத்துல அவங்களே தட்டிட்டு உள்ள போயிருக்காங்க. பாவம். அதையும் ரிப்போர்ட்ல ஒரு வரி சேக்கச் சொல்லிரலாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். மிகவும் தயவாகவே பேசினார். "தனிஸ், உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வேற ஆளு பண்ணினா சரியா வராது. ரெண்டு தட்டு கேட்டதும் தானா ஒரு தட்டு குடுக்கிற மாதிரி ஒரு சின்ன சொலினாய்டு வச்சுருங்க. பத்து நிமிஷ வேலை."

சொலினாய்டு என்றால் மின்சாரம் கொடுத்ததும் ஒரு சின்ன இரும்புக் கோல் வெளியே குதிக்கும் பொருள். வாங்கி வந்து கொடுத்தார்கள். கூண்டின் சட்டத்தில் மாட்டினேன். பேனலைத் திறந்து, கம்பிச் சுருளை எடுத்து, ஒரு சாண் அளந்தேன். நீலம்தான் கையில் வந்தது.

கட்டிங் பிளேயர் கம்பியின் மேல் இருந்தபடியே நின்றுவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டீர்களா என்று அவள் உலகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. யார் நின்றாலும் நிற்காவிட்டாலும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஆம் ஆம் என்று தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கோலை அதற்குப் பதிலாக வைக்கச் சொல்கிறார்கள். கதவுக்கு ஒரு பொய்ப் பதில் வைத்தேன். இப்போது அவளுக்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்குள் எழுந்து வந்தது. கொக்கி இடித்து ஆர்க் பற்றிய கணத்திலேயே அது வந்திருக்க வேண்டும். நான் விடவில்லை.

பிளேயரைக் கீழே வைத்துவிட்டு ஷர்மதாவிடம் போனேன்.

"அவ போறதுக்கு முந்தின பத்தொன்பது நாளும் கதவு எத்தன தடவ திறந்துச்சுன்னு உங்க பதிவுல இருக்குமா?"

அவள் தேடினாள். திரும்பத் திரும்பத் தேடினாள். "ஒரு தடவகூட இல்லைங்க சார்." பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "தினமும் நானே உள்ள போயிருக்கேனே."

நான் சட்டைப் பையிலிருந்த நீலக் கம்பியை எடுத்து அவள் கணினியின் மேல் வைத்தேன். நாற்பத்தொரு நாளும் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். 31, 32. என் கையெழுத்து.

*

ஆய்வாளரின் அலுவலகத்தில் அமலியும் என்னோடு வந்து உட்கார்ந்திருந்தாள். எதற்கென்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரே தடவைதான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

ஜம்பரைப் பற்றிச் சொன்னேன். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். போடச் சொன்னது யார் என்று கேட்டார். சொன்னேன். கழற்றச் சொன்னது யார் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் கழட்டினேன்."

"சரி. அப்ப அந்தம்மா கதவு வழியாத்தான் போயிருக்காங்க."

"ஆமா சார்."

"ஆனா மெஷின் தட்டு கேட்டாத்தான் நகரும்னு கம்பெனியில எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்களே தட்டினாங்களா?"

"அவ தட்டல சார். கசடச் சுரண்டப் போறவ எதுக்குப் பத்த வைக்கச் சொல்லித் தட்டுவா?"

"பின்ன யார் தட்டினது?"

"நான்."

பேனாவை நிறுத்தினார்.

"அன்னிக்குக் காலையில அவ பக்கத்து மேசையிலயும் வேலை பாத்துக்கிட்டிருந்தா. பேனலுக்குப் பின்னாடி இருந்தா கூண்டு தெரியாது. ரெண்டு தட்டு கேட்டுச்சு. அவதான்னு நெனச்சேன். மெஷினும் அப்படியேதான் தட்டும். ஸ்குரூ டிரைவர் பிடியால பேனல்ல ஒரு தட்டுத் தட்டினேன்."

"பாத்துட்டா தட்டினீங்க?"

"இல்ல சார். கண்ண மூடிக்கிட்டுத் தட்டினேன்."

அந்த அறையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அமலி என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவள் அம்மாவின் விரல்கள்.

அறிக்கையைத் திருத்தினார்கள். ஜெசிந்தா கதவு வழியாகவே நுழைந்தார், அவர் தரப்பில் கவனக்குறைவு எதுவும் இல்லை என்று இருந்தது. எனக்கு இரண்டு வருடம். குலசேகரனுக்கும் கிடைத்தது. என் வயரிங் உரிமத்தை ரத்து செய்தார்கள். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

தண்டனை தொடங்குவதற்கு முந்தின வாரம் அந்தக் கையின் பதிவை அழிப்பதற்கு உத்தரவு வந்தது. ஷர்மதா போன் செய்து, வருகிறீர்களா என்று கேட்டாள். போனேன். கடைசியாக ஒருமுறை ஓட்டினாள். கை உயர்ந்து வந்து இரண்டு முறை தட்டியது. முதல் தட்டு அழுத்தமாக, இரண்டாவது அதன் நிழலைப்போல. என் கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றேன். பஷீர் தொலைவில் கிரேனை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தார். ஒரு நிமிடம் முழுவதும் அது காத்திருந்தது. பிறகு டார்ச்சை மெல்லத் தாழ்த்தி, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், தன் இடத்துக்குத் திரும்பிப் போனது.

"அழிச்சரலாங்களா சார்?" என்றாள் ஷர்மதா.

வாயால்தான் பதில் சொன்னேன்.

*

வெளியே வந்து எட்டு மாதம் ஆகிறது. லால்குடி பக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறேன். புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலை. இரும்பு இல்லாத இடம். அமலி அந்த இரண்டு வருடத்தில் என்னைப் பார்க்க வரவில்லை. ஒரே ஒரு அட்டை வந்தது, கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் பூ வைத்துவிட்டேன் என்று. கீழே பெயர்கூட இல்லை.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கதவில் இரண்டு தட்டு விழுந்தது. முதல் தட்டு அழுத்தமாக.

என் விரல் முட்டி கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கு அருகில் போய்விட்டது. அங்கேயே நிறுத்தினேன். நின்றது. வெளியே இருப்பவர் காத்திருக்கும் மௌனத்தையும் கேட்டேன். எழுந்தேன். நாலு எட்டுதான். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

அமலி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். தோளில் ஒரு பை.

"ஏம்ப்பா, பதிலே காணோம்?" என்றாள்.

"யாருன்னு பாக்கலாம்னும்மா."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றினாள். நான் குனிந்து, காலில் படாத இடத்தில், அதை ஓரமாக எடுத்து வைத்தேன்.